மூன்றடி பேஸ்மட்டத்துக்கு ஆறடி ராம்ப் போதுமா?

கேள்வி இதுதான். பெருந்துறை பக்கம் 40 அடி முகப்புள்ள இடத்தில் கீழே கிளினிக்கும் மருந்துக்கடையும், மாடியில் வீடும் கட்டப்போகிறார்கள். டாக்டர், கேட்டவரின் மருமகள். ரோட்டிலிருந்து பேஸ்மட்டம், அதாவது கட்டடத் தரை உயர்ந்து நிற்கும் மட்டம், 3 அடி. முன்னால் 15 அடி விட்டிருக்கிறார்கள். நடுவில் ஆறு படி, பக்கத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு ராம்ப் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். "வண்டியே ஏறுமுங்க, வீல்சேர் ஏறாதுங்களா?" என்பது அவர் வாதம். அது போதுமா, சட்டம் என்ன சொல்கிறது, தரைக்கு எந்தக் கல் போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

போதாது. வேண்டியதில் ஆறில் ஒரு பங்குதான் அது.

வீல்சேருக்கான சாய்தளத்தின் கணக்கு 1:12. நம் கொத்தனார்கள் அடி, அங்குலத்தில்தான் நினைக்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்கு மிகச் சுலபம்: ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம். மூன்றடி என்றால் 36 அங்குலம், ஆகவே 36 அடி நீளம். அதுவும் எல்லைதான், அதைவிடச் செங்குத்தாகப் போகக்கூடாது என்று அர்த்தம். 1:15, 1:20 என்று படுத்துப் போனால் இன்னும் நல்லது. நோயாளிகள் வரும் இடத்தில் நான் 1:15-ஐவிடச் செங்குத்தாகப் பரிந்துரைப்பதில்லை, இடம் இல்லாவிட்டால் மட்டும் 1:12.

மேஸ்திரி சொல்வது 1:2. வண்டி ஏறும், உண்மைதான். வண்டிக்கு இன்ஜின் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரும் 20 கிலோ சேருமாகச் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 1:12 சாய்வில் அது பின்னால் இழுக்கும் விசை ஏழு கிலோவுக்குள். தள்ளுகிறவர் சமாளிப்பார், கையில் வலுவுள்ளவர் தானே உருட்டியும் ஏறிவிடுவார். 1:2 சாய்வில் அதே இழுப்பு சுமார் 36 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் சேர் பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது முன்பக்கமாக ஆளைக் கொட்டும். இப்படிப்பட்ட ராம்ப் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்பேன். இல்லாவிட்டால் நாலு பேர் சேரோடு தூக்குவார்கள், எச்சரிக்கையாகத் தூக்குவார்கள். இருந்தால், "அதான் இருக்குதே" என்று ஒற்றை ஆள் தள்ளப்பார்ப்பார்.

ஈரோடு, திருப்பூர், கோவை என்று எங்கே பார்த்தாலும் கடைகளுக்கு முன்னால் தெரிகிற அந்தச் சிமெண்ட் சறுக்கல்களில் பெரும்பாலானவை பைக் ஏற்றப் போட்டவை. ராத்திரி வண்டியை உள்ளே விடுவதற்கான வசதி அது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ராம்ப் என்றால் அதுதான் என்று பதிந்துவிட்டது. மேஸ்திரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் அவருக்கு வேறு அளவு சொல்லித் தந்ததில்லை.

சரி, 36 அடி ராம்ப்புக்கு இடம் இருக்கிறதா? வெறும் 36 அடி மட்டும் போதாது. ஏறத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் வேண்டும், சேர் நின்று திரும்ப. இவ்வளவு உயரத்துக்கு நடுவிலும் ஒரு சமதளம் வேண்டும், மூச்சு வாங்க. நேராகப் போட்டால் 50 அடி தாண்டும், உங்கள் முகப்பே 40 அடிதான். மடக்கிப் போடலாம்: 18 அடி போய், ஐந்தடி சமதளத்தில் திரும்பி, மறுபடி 18 அடி வரும் யூ வளைவு. அகலம் குறைந்தது நாலடி, இரண்டு ஓட்டத்துக்கும் நடுச்சுவருக்கும் சேர்த்து ஒன்பது அடி போய்விடும். 15 அடி வாசலில் ஒன்பது அடியை ராம்ப் தின்றுவிட்டால் வண்டி நிறுத்த, ஆம்புலன்ஸ் திரும்ப என்ன மிஞ்சும்?

அதனால் ராம்ப்பைப் பற்றிய கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, பேஸ்மட்டம் ஏன் 3 அடி என்று முதலில் கேளுங்கள். இந்த வேலையில் பாதிச் சண்டை அங்கேதான் முடிகிறது. உயரம் முடிவான பிறகு எந்த இன்ஜினியர் வந்தாலும் அந்த உயரத்துக்கு மருந்து போடத்தான் முடியும்.

ஏன் 3 அடி என்று கேட்டால் நம் பக்கம் வரும் பதில் ஒன்றுதான். "ரோடு வருசா வருசம் ஒசருதுங்க. நாளைக்கு மழைத்தண்ணி உள்ள வந்திருச்சுன்னா?" பயம் நியாயமானது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடுத்த அடுக்குப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று ரோட்டைவிடப் பள்ளத்தில் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தில் ஆளாளுக்கு உயர்த்துகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டரை என்றால் நாம் மூன்று. கௌரவமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைப்பானேன். உயரமாக நின்றால்தான் கட்டடம் எடுப்பாக இருக்குமாம்.

ஆனால் தண்ணீரைத் தடுக்க உயரம் மட்டும்தான் வழி என்றில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி. இங்கே பிரச்சினை ஐப்பசியில் அரை மணி நேரம் கொட்டும்போது தெருத் தண்ணீர் கேட்டுக்குள் திரும்புவது. அதற்குக் கேட் ஓரமாகக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே சல்லடை மூடி போட்டு, தண்ணீரைச் சாக்கடைக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ திருப்பிவிட்டால் போதும். வாசல் தரை கட்டடத்திலிருந்து கேட்டை நோக்கிச் சரிந்திருந்தால் உள்ளே விழும் மழையும் தானாக வெளியேறும்.

இந்தச் சரிவுதான் உங்களுக்குச் சாதகம். 1:20-ஐவிடப் படுத்திருக்கும் சரிவை ராம்ப் என்றே கணக்கில் எடுப்பதில்லை, அது நடைபாதை. நடக்கிறவர் காலுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் பேஸ்மட்டத்தை ஒன்றரை அடியாகக் குறையுங்கள், 18 அங்குலம். 15 அடி வாசலில் கட்டடத்தை ஒட்டி ஐந்தடியை ராம்ப்புக்கும் சமதளத்துக்கும் விட்டால் மீதி 10 அடி. அந்த 10 அடியில் 1:20 சரிவில் ஆறு அங்குலம் ஏறிவிடலாம். பாக்கி 12 அங்குலம். அதற்கு முகப்பை ஒட்டியபடியே 12 அடி ராம்ப், கீழே ஐந்தடி சமதளம், மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடி சமதளம். மொத்தம் 22 அடியில் முடிந்துவிட்டது. மீதி 18 அடி முகப்பு மருந்துக்கடைக்கும் படிகளுக்கும். பின்னால் ரோடு உயர்ந்தால் வாசலை மேலும் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளலாம், அப்போது ராம்ப் இன்னும் குட்டையாகும்.

12 அங்குலத்துக்கு இரண்டு படி வரும், வீட்டுப் பெரியவர்கள் ஒற்றைப்படையில்தான் வேண்டும் என்பார்கள், லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள். சண்டை போடாதீர்கள். நாலு அங்குலம் வீதம் மூன்று படியாகப் போட்டு, ஒவ்வொரு படியின் மிதியையும் 14, 15 அங்குலமாக அகலப்படுத்திவிடுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஆறு அங்குலப் படியைவிட அது எவ்வளவோ சுகம். ராம்ப்பில் படி எண்ணிக்கையே இல்லை, அதனால் லாப நஷ்டப் பேச்சும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராம்ப் போட்டுவிட்டால் படி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஊன்றுகோல் வைத்து நடக்கும் சிலருக்கு, செயற்கைக் கால் போட்டவர்களுக்கு, சரிவில் நடப்பதைவிடப் படி ஏறுவதுதான் எளிது. சரிவில் பாதம் சாயும்போது மூட்டில் பிடிப்பு கிடைக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே கதவுக்குப் போக வேண்டும். படிகள் எல்லாம் ஒரே உயரமாக இருக்கட்டும். கடைசிப் படி மட்டும் ஓர் அங்குலம் கூடக்குறைய வந்தால் தடுக்கி விழுவது அங்கேதான். படி விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிறக் கல் பதித்துவிட்டால் பார்வை மங்கியவர்களுக்குப் படி தனித்தனியாகத் தெரியும். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்கள் மருமகளைக் கேளுங்கள்.

இனி ராம்ப்பின் உடம்பு. இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும். ஏறும்போது வலப்பக்கம் இருக்கும் கம்பி இறங்கும்போது இடப்பக்கம் போய்விடும். கம்பி இரண்டு உயரத்தில் வேண்டும்: 90 செ.மீ. ஒட்டி ஒன்று, 75 செ.மீ. ஒட்டி இன்னொன்று. மேலே இருப்பது நடப்பவருக்கு, கீழே இருப்பது சேரில் இருப்பவருக்கும் குழந்தைகளுக்கும். கம்பி உருண்டையாக, ஒன்றரை அங்குலத்திலிருந்து ஒன்றேமுக்கால் அங்குல விட்டத்தில், கை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி. சதுர பைப் பார்க்க அழகு, பிடிக்க ஆகாது. சுவரில் பதித்தால் சுவருக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விடுங்கள். ராம்ப் முடிந்த இடத்தில் கம்பியைச் சட்டென்று வெட்டாமல் ஓரடி நீட்டி, முனையைக் கீழே மடக்கியோ சுவரில் சேர்த்தோ விடுங்கள். நீட்டி நிற்கும் முனை புடவை, துப்பட்டாவை மாட்டும். பார்வையில்லாதவர் இடுப்பில் குத்தும்.

எல்லோரும் பளபளவென்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்தான் போடுகிறார்கள். துரு பிடிக்காது, சரி. ஆனால் வெயில் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெப்பப் பட்டியலில் ஈரோடும் கரூர் பரமத்தியும் மாறி மாறி வரும் ஊரில் நாம் இருக்கிறோம். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் கிடந்த எஸ்.எஸ். கம்பியை உள்ளங்கை வைத்துப் பிடித்துப் பாருங்கள். உங்கள் முகப்பு மேற்குப் பார்த்தது என்றால் கட்டாயம் மேலே ஷீட்டோ நீட்டிய ஸ்லாபோ வேண்டும். மழைக்கும் அது உதவும். நிழல் தர வழியே இல்லை என்றால் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டதோ மரக் கைப்பிடியோ வைக்கலாம்.

ராம்ப்பின் ஓரத்தில், சுவர் இல்லாத பக்கம், மூன்று நாலு அங்குல உயரத்துக்குச் சின்னத் திட்டு கட்டுங்கள். முன்சக்கரம் ஓரம் போய் விழாமல் அது தடுக்கும், ஊன்றுகோலின் நுனியும் நழுவாது. இந்தத் திட்டைக் கட்டும்போது தண்ணீர் போகத் துளை விட மறந்துவிடுவார்கள், ராம்ப் முழுக்கத் தொட்டியாகிவிடும். நினைவுபடுத்துங்கள்.

சாய்வு சரியா என்று பார்க்க ரசமட்டம் போதாது. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) வைத்து மேல் மட்டத்தையும் கீழ் மட்டத்தையும் சுவரில் குறித்து, நடுவில் நூல் கட்டி, நூலை ஒட்டித் தரையை இழுக்கச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடியும் நேரத்தில் கடைசி ஓரடியில் மட்டும் சரிவு கூடிப்போவது வழக்கமான தவறு. அந்த ஓரடியில்தான் சேரின் கால்வைக்கும் தகடு தரையில் இடிக்கும்.

கல் கேட்டீர்கள். பாலிஷ் கிரானைட் வேண்டவே வேண்டாம். கொங்குப் பக்கம் படிக்குக் கிரானைட் போடாவிட்டால் வீடு கட்டினதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். போடுங்கள், ஆனால் பிளேம் பினிஷ் வாங்குங்கள். அதே கல்தான், மேற்பரப்பைத் தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். செலவு குறைவாக வேண்டும் என்றால் வெறும் கான்கிரீட்டிலேயே ஈரம் காய்வதற்குள் விளக்குமாறு இழுத்துக் குறுக்குக் கோடு போட்டுவிடலாம், அதைவிட நல்ல பிடிப்பு எந்த டைல்ஸிலும் இல்லை. பார்க்கிங் டைல்ஸில் பெரிய புடைப்பு வைத்த டிசைன்கள் சக்கரத்தைக் குலுக்கும், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அந்தக் குலுக்கலே வலி. இப்போது பிரபலமாக இருக்கும், கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுப் புல் வளர்க்கும் நடைபாதையும் ஜல்லி பரப்பிய வாசலும் வீல்சேருக்கும் ஊன்றுகோலுக்கும் எதிரி. பேவர் பிளாக் போடலாம், அடியில் மண்ணை நன்றாக இறுக்கியிருந்தால். இறுக்காமல் போட்டதெல்லாம் இரண்டு மழையில் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

ரோட்டிலிருந்து கேட் வரை உள்ள ஐந்தாறு அடியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாக்கடை மூடிக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு அங்குலம் பள்ளம் இருந்தால் உள்ளே எவ்வளவு அருமையான ராம்ப் இருந்தும் பயனில்லை. அதற்காக ராம்ப்பை சாக்கடை மேல் கொண்டுபோய் ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். அது ஆக்கிரமிப்பு. என்றைக்காவது சாக்கடை தூர்வார வரும் பொக்லைன் முதலில் உடைப்பது அதைத்தான், அதோடு தெருவில் நடப்பவருக்கு நீங்களே ஒரு தடை கட்டினதாகிவிடும். மேடு ஏறுவது எல்லாம் உங்கள் கேட்டுக்கு உள்ளே நடக்க வேண்டும். வெளியே மூடிக் கல்லை மட்டும் ரோட்டு மட்டத்துக்குச் சமமாக உட்கார வையுங்கள்.

கேட்டில் இரண்டு விஷயம். சறுக்கும் கேட் என்றால் அதன் தண்டவாளம் தரைக்குள் புதைந்திருக்கட்டும். சல்லடை மூடியின் இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், நீளக் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே வரும்படி வையுங்கள், இல்லாவிட்டால் சேரின் சின்ன முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். மாடு நுழையாமல் இருக்க வாசலில் உருண்டை பைப் கிராதி பதிக்கும் பழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கிறது. மாட்டைத் தடுக்கிறதோ இல்லையோ, ஊன்றுகோலைக் கட்டாயம் தடுக்கும்.

வண்டி நிறுத்தம். நம் ஊரில் வீல்சேரில் காரிலிருந்து இறங்குபவர்களைவிட, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தானே ஓட்டி வருபவர்கள் அதிகம். அரசு தரும் அந்த ஸ்கூட்டர் சாதாரண வண்டியைவிட அகலம், ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்த முடியாது, பக்கத்தில் இறங்க இடமும் வேண்டும். ராம்ப் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே ஆறடி அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டு எழுதி வையுங்கள். அதில் மற்ற பைக் நிற்காமல் பார்த்துக்கொள்வது மருந்துக்கடைப் பையனின் வேலை.

கதவு: திறந்த பிறகு நடுவில் கிடைக்கும் இடைவெளி மூன்றடி, அதாவது 90 செ.மீ. சட்டத்தோடு சேர்த்து மூன்றடி என்று தச்சரிடம் சொன்னால் உண்மையில் இரண்டரைதான் கிடைக்கும். நிலையின் அடிச்சட்டம் அரை அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது. மாடி வீட்டு வாசலில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பீர்கள், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கிளினிக் வாசலுக்கு அடிச்சட்டமே இல்லாத நிலை போடலாம். கண்ணாடிக் கதவு என்றால் கண் மட்டத்தில் பட்டையாக ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கதவைத் தானாக மூடும் ஸ்பிரிங்கை இளக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்த இடங்களிலும் ராம்ப்பை வீணாக்குவது செருப்பு. கிளினிக் வாசலில் கழற்றிவிடும் பழக்கம் நமக்கு உண்டு, கழற்றிவிட வசதியான இடம் ராம்ப்பின் மேல் சமதளம். காலை பத்து மணிக்கு அங்கே முப்பது ஜோடி கிடக்கும். செருப்பு அலமாரியை அந்தச் சமதளத்துக்கு வெளியே, படிப் பக்கமாக வையுங்கள், உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சும் போடுங்கள். அப்புறம் "செருப்பை வெளியே கழற்றவும்" பலகை. போலியோ பாதித்துக் காலிபர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) அணிபவருக்கு ஷூ அந்தக் கம்பியோடு சேர்ந்தது. அதைக் கழற்றினால் அவரால் நிற்கவே முடியாது. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கி நிற்பார், கேட்கக் கூச்சப்படுவார். காலிபர், வீல்சேர், ஊன்றுகோலோடு அப்படியே வரலாம் என்று அதே பலகையில் ஒரு வரி சேருங்கள்.

பார்வையற்றோருக்கான மஞ்சள் டைல்ஸ் போட வேண்டுமா என்று உங்கள் இன்ஜினியர் கேட்பார். 1965-இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்து, 1967-இல் ஒகயாமா நகரத்தில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அவை. புள்ளி வைத்தது "நில், கவனி" என்று சொல்லும். கோடு வைத்தது "இந்தப் பக்கம் போ" என்று சொல்லும். நம் நகரங்களில் நடைபாதை போடும் சிலருக்கு இந்த வேறுபாடே தெரியாமல், புள்ளியையும் கோட்டையும் கோலம் போல் கலந்து பதித்திருப்பதும், கோட்டை நேராகக் கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிட்டிருப்பதும் சகஜம். தப்பாகப் போட்டது வெறும் அலங்காரக் குறை இல்லை, நம்பி நடக்கிறவரைப் போய் இடிக்க வைக்கும். உங்கள் சிறிய கிளினிக்குக்கு, படியின் மேலும் கீழும் ஓரடி தள்ளிப் புள்ளி டைல்ஸ் ஒரு வரிசை, ராம்ப் தொடங்கும், முடியும் இடங்களில் ஒரு வரிசை, கேட்டிலிருந்து கதவு வரை வளையாத ஒரு கோட்டுப் பாதை. என் கருத்தில் அவ்வளவு போதும்.

சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் இடம்தானே என்று விலக முடியாது. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதன்படி பொதுக் கட்டடம்தான், மருத்துவ சேவை தரும் இடங்கள் அதில் வரும். 44-ஆவது பிரிவின்படி அணுகல் விதிகளுக்கு ஒத்துப்போகாத வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது, பணிநிறைவுச் சான்றும் தரக்கூடாது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, ஐந்தாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000-த்திலிருந்து 5 லட்சம் வரை அபராதம். மேலும் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அளவுகளை வெறும் பரிந்துரை போல வைத்திருந்த மத்திய விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. மாநிலத்தில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள் இருக்கின்றன, உங்கள் வரைபடம் போடுபவர் அதைப் பார்த்தே போட வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வரைபடத்தில் ராம்ப் இருக்கும், அனுமதி வாங்கும்வரை. கட்டும்போது அது சுருங்கிச் சுருங்கி பைக் சறுக்கலாகிவிடும். யாரும் வந்து நாடா பிடித்து அளப்பதில்லை. ஆகவே சட்டத்தை நம்பி எதையும் விடாதீர்கள், அளவை நீங்களே பிடியுங்கள். ஏதாவது ஒரு பொதுக் கட்டடம் இப்படி இருப்பதைப் பார்த்தால் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அங்கே அசையாவிட்டால் மாநில ஆணையருக்கு எழுதலாம்.

ஏற்கெனவே கட்டி முடித்த சின்னக் கடை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே படி, ஆறு அங்குலம் என்றால் மடக்கு ராம்ப் செய்துகொள்ளலாம். செக்கர் பிளேட்டில் (வழுக்காமல் இருக்கப் புடைப்பு வைத்த உலோகத் தகடு) ஓரம் மடித்து ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து தருவார்கள், அலுமினியம் என்றால் தூக்க எளிது. இடமே இல்லாத பழைய கட்டடங்களுக்கு மட்டும் அமெரிக்க விதியில் ஆறு அங்குல உயரம்வரை 1:10, மூன்று அங்குலம்வரை 1:8 என்று சலுகை உண்டு. அந்த அளவில் ஐந்தடி ராம்ப் ஒன்று போதும். தெருவில் நிரந்தரமாகக் கிடக்காது, தேவைப்படும்போது எடுத்துப் போடலாம். அதோடு ஒரு காலிங் பெல்லை உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், வெளியிலிருந்து அழுத்தும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ராம்ப் இருப்பது வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

கல்யாண மண்டபம் கட்டுபவர்கள் தனியாகக் கேட்டால் நிறையச் சொல்லலாம். சுருக்கமாக: வெளி வாசலுக்கு ராம்ப் போட்டுவிட்டு மணமேடைக்கு ஆறு படி வைப்பது, சாப்பாட்டுக் கூடத்தைப் பாதாளத்தில் வைத்துப் படியால் மட்டும் இறங்கச் செய்வது, இரண்டும் எங்கும் இருக்கும் குறை. நம் கல்யாணங்களில் சீர் செய்ய மேடையேற வேண்டியது பெரும்பாலும் வயதான அத்தைகளும் பாட்டிகளும்தான். இரண்டு பேர் தோளைப் பிடித்து அவர்களைத் தூக்கி ஏற்றுவது எல்லா வீடியோவிலும் இருக்கும். மேடைக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு ராம்ப், பந்திக்குத் தரைத்தளம், இந்த இரண்டையும் வரைபடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேஸ்மட்டத்தின் உயரத்தை முடிவாக்கும் பிளின்த் பீம் கான்கிரீட் இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல நேரம். மேஸ்திரியோடு ஒரு காலை நேரம் ஒதுக்கி, டியூப் லெவல் வைத்து, ரோட்டின் நடு மட்டம், சாக்கடை மூடியின் மட்டம், கேட் வரும் இடத்தின் மட்டம், இந்த மூன்றையும் ஒரே சுவரில் குறியுங்கள். பிறகு ஒன்றரை அடி பேஸ்மட்டத்துக்குச் சுண்ணாம்புத் தூளால் ராம்ப்பையும் இரண்டு சமதளங்களையும் தரையில் அப்படியே வரைந்து, அதன் மேல் ஒரு வீல்சேரை உருட்டித் திருப்பிப் பாருங்கள். முடிந்தால் தினமும் சேரில் புழங்கும் ஒருவரையே உட்கார வைத்து உருட்டச் சொல்லுங்கள். கதவுக்கு முன் சேரை நிறுத்தி, கைப்பிடியை இழுத்துத் திறக்கும்போது கதவு முழங்காலில் இடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இடித்தால் கதவை உள்பக்கம் திறக்கும்படியோ சறுக்குக் கதவாகவோ மாற்றச் சொல்லுங்கள். சாக்கடை மூடி ரோட்டைவிட ஆறு அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் மேலே நான் சொன்ன கணக்கு மாறும். அந்த மூன்று மட்டங்களையும் எழுதி அனுப்புங்கள், திரும்பக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.